எக்ஸின் பேரைச் சொல்லாத வகுப்பு

என்னை நம்பி மூன்றாம் பாரம் என்ற அந்தக் கால எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அட்சர கணிதம், அதாவது அல்ஜிப்ரா, படிக்க விட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் படித்த காலத்தில் எக்ஸ் என்பதை ஏதோ ஒரு குறிப்பிட்ட எண் என்றே நம்பியிருந்தேன். பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவில் எங்கேயோ அது ஒளிந்திருக்கிறது, மேல்வகுப்புக்குப் போனால் வாத்தியார் நேரில் காட்டுவார் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். காட்டாமலே பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கல்லூரியில் இலக்கியமும் சரித்திரமும் எடுத்துக்கொண்டு எக்ஸை அதன் போக்கில் விட்டுவிட்டேன். அது என்னை விடவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் இரண்டொருவர், "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டதால் எழுதுகிறேன். அவர்கள் மனத்தில் வேறு மாதிரி ஓர் அனுபவம் இருந்திருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான்.

வேலை கிடைத்த விதம்

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் வேலை கேட்டுப் போன நாள் ஆனி மாதத்தில் ஒன்று. சாரல் தொடங்கியிருந்தது. தலைமையாசிரியர் ஆலங்குளத்துக்காரர். எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிற மனிதர்.

"சரித்திரத்துக்கு ஆள் இருக்கு. தமிழுக்கும் இருக்கு. அல்ஜிப்ராவுக்குத்தான் ஆள் இல்ல. எடுப்பீராவே?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் மலை. மேகம் இறங்கி மலையின் மேல்பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மீதிப் பாதி, தலை போனதே தெரியாமல் சாவதானமாக உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எடுக்கலாம் சார்" என்று யாரோ சொன்னார்கள். குரல் என்னுடையதாக இருந்தது.

"நெசமா எடுப்பீரா?"

"எடுக்கலாம் சார்."

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வேலை ஆக்டிங். டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பெர்மனெண்ட். இல்லையென்றால் வந்த வண்டியிலேயே ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். இதையும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு ஒரு மகள். அவளை எனக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அதில் மறுப்பு இல்லை என்று சொன்னால் அது மிகவும் குறைவாகச் சொன்னதாகும். வேலை கிடைத்த சேதியோடு மாமாவிடம் போனேன். அவர் ஒரு கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"டெம்பரவரி மாப்பிள்ளைக்கு, பெர்மனெண்டா ஒரு பொம்பளப்பிள்ளய எப்படிடே குடுக்கது?" என்றார்.

ஆக, என் வேலையும் கல்யாணமும் சேர்ந்து ஓர் இன்ஸ்பெக்டரின் பேனா முனையில் வந்து நின்றன. அந்தப் பேனாவுக்கும் எனக்கும் நடுவில் எக்ஸ் நின்றது.

"தெரிஞ்சா சொல்லிர வேண்டியதுதான?"

சாரல் காலத்தில் பாடம் நடத்தியவர்களுக்குத்தான் அந்தச் சுகமும் கஷ்டமும் தெரியும். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். வகுப்பு முழுக்க ஈரத்துணி வாசனை. சாக்பீஸ் ஊறிப் போய்க் கரும்பலகையில் எழுதாது, தடவிக் கொடுக்கும். ஜன்னல் வழியாக மழையென்றும் சொல்ல முடியாத, பனியென்றும் சொல்ல முடியாத ஒன்று உள்ளே வந்து முதல் வரிசையின் புருவத்தில் உட்காரும். மூன்று மைலுக்கு அந்தப் பக்கம் குற்றாலத்தில் விழும் அருவி எனக்குக் கேட்பது போலவே இருக்கும். கேட்க வாய்ப்பில்லை என்று தலைமையாசிரியர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் நான் கரும்பலகையில் எக்ஸ் ஒன்றைத் தடவிவிட்டு, "இது ஓர் எண். என்ன எண் என்று நமக்குத் தெரியாது" என்றேன். வகுப்பு அதைப் பரிதாபமாகப் பார்த்தது.

ஆவுடையம்மாள் என்று ஒரு பெண், கடைசி பெஞ்சு. அதிகம் பேசமாட்டாள். அவள் எழுந்து, "உங்களுக்குமா சார் தெரியாது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சா சொல்லிர வேண்டியதுதான சார், எதுக்கு மறைக்கிய?"

அட்சர கணிதத்தைப் பற்றி இதைவிட நியாயமான கேள்வியை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "உட்கார்" என்றேன். ஆசிரியத் தொழிலில் பாதி பதில்கள் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன என்பதை நான் கற்றது அன்றுதான்.

அப்புறம் சில வாரங்கள் ஒரு தூக்கத்தில் போனது போலப் போயின. நான் சொல்வேன், அவர்கள் சேர்ந்து சொல்வார்கள், சாரல் அடிக்கும். ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே கண் அயர்ந்து, ஒரு கனவு கண்டேன். மலைப்பாதையில் எக்ஸுகள் வரிசையாக இறங்கி வருகின்றன. ஒவ்வொன்றும் குடை பிடித்திருக்கிறது. குடைக்குக் கீழே முகம் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, அவசரமில்லாமல், பேசிக்கொண்டே போகின்றன. கூப்பிட்டு முகத்தைப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. போகட்டும், நனையாமல் போனால் சரி என்று இருந்தது. கண் விழித்தபோது வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மூன்றாம் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னை எழுப்பிவிடக் கூடாதாம்.

அருவிக்கரைச் சாமி

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் அம்மாள் வந்தாள். தலைமையாசிரியர் வெளியே போயிருந்தார். வராந்தாவில் மேஜையைப் போட்டு நானே விவரம் எழுத உட்கார்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். பையன் பெயர் பேச்சிமுத்து. அவனோ வாசலில் கூரைத் தண்ணீர் விழுகிற இடமாகப் பார்த்து நின்று தலையை நனைத்துக்கொண்டிருந்தான்.

"தகப்பனார் பேரு?" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தாள். பையனைப் பார்த்தாள். அவனுக்குக் காது முழுக்கத் தண்ணீர்.

"அவுக பேர நான் எப்படி சார் சொல்ல?" என்றாள்.

நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவள் சற்று யோசித்தாள்.

"அருவிக்கரையில கோயில் இருக்குல்லா. அந்தச் சாமி பேருதான் அவுகளுக்கும்."

ஜன்னலில் இருந்து மொத்த வகுப்பும் ஒரே குரலில், "குத்தாலிங்கம்" என்றது. அந்த அம்மாள், பாரம் இறங்கியவள் போல, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எழுதப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஒருவரின் பேரைச் சொல்லாமல், அவரைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் சொல்லி, கேட்கிறவனே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விடுகிறாள். இதைத்தானே நான் ஆனியிலிருந்து கரும்பலகையில் தடவிக்கொண்டிருக்கிறேன்? இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியிலிருந்து ஒரு சமன்பாடு காலையும் மாலையும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. "அவுக இன்னும் வரல." "அவுகளுக்கு மோரு ஊத்து." அவுக யார் என்று எந்தப் பிள்ளையாவது முழித்தது உண்டா?

வகுப்புக்குள் ஓடினேன். ஓடினேன் என்பது அலங்காரமில்லை. ஈரத் தரையில் வழுக்கிக் கரும்பலகையைப் பிடித்துத்தான் நின்றேன்.

"எக்ஸ்னா அவுக. பேரச் சொல்லப்பிடாது. சொன்னா மரியாதை இல்ல. ஆனா அவுகளப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லலாம்" என்றேன்.

வகுப்பு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த ஒரு வெளிச்சத்துக்காகத்தான் சம்பளம் போதாத இந்தத் தொழிலில் மனிதர்கள் கிடந்து சாகிறார்கள். ஆவுடையம்மாள்கூட மெல்லத் தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு எங்களுக்குள் தடை எதுவும் இல்லை. "அவுகள மூணு மடங்காக்கி, கூட அஞ்சு சேத்தா இருபத்தாறு" என்று, எங்கள் வகுப்பிலேயே சேர்ந்துவிட்ட பேச்சிமுத்து பாட்டாகச் சொல்வான். சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனால் பிளஸ் ஏன் மைனஸ் ஆகிறது என்பதற்கும் வழி கிடைத்தது. செங்கோட்டை அப்போது திருவாங்கூர் ராஜாவின் சீமை. எல்லைச் சாவடியைத் தாண்டினால் ஆள் அதே ஆள்தான், கையில் உள்ள காசு மட்டும் வேறாகிவிடும். நம்முடைய அணா அங்கே சக்கரம். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் அத்தையோ சித்தியோ இருந்ததால் இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. கரும்பலகையில் கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு பிள்ளை எழுதும். கடைசி வரியை நான் எழுதுவேன். 'எக்ஸ் சமம் ஏழு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற சுகம் இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டுக்கணக்குத் திருத்தும்போதும், முக்கால் தூக்கத்தில், கடைசிக்கு முந்தின வரி சரியாக இருந்தால் டிக் போட்டுவிடுவேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் கண் மூடிக்கொள்ளும்.

ஈரத் தலையோடு ஒரு பரிசோதனை

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் எப்போதும் சாரல் காலத்தில்தான் வரும். இதை யாரும் உத்தரவாகப் போட்டதில்லை. டிப்டி இன்ஸ்பெக்டர்கள் மாறுவார்கள்; மாதம் மாறாது. குடும்பத்தோடு வந்து குற்றாலத்தில் ஜாகை எடுத்து, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, பத்து மணிக்குக் கல்வித்துறையைக் கவனிக்க வருவார்கள்.

எங்களுக்கு வந்தவர் வட ஜில்லாக்காரர். தலை ஈரம் காயவில்லை. கண்ணில் அருவிக் குளியலின் மயக்கம் இருந்தது. ஆனால் குரலில் மயக்கம் இல்லை. என்னைப் பாடம் நடத்தச் சொல்லவே இல்லை. தாமே கரும்பலகையில் நான்கு சமன்பாடுகளை எழுதி, பிள்ளைகளிடம் தாள் கொடுத்துப் போடச் சொன்னார். நான்காவது, 6x + 9 = 9. அது குறும்புக் கணக்கு. எக்ஸ் பூஜ்யம் என்பதைப் பிள்ளைகள் நம்புவார்களா என்று பார்க்கிற கணக்கு.

வகுப்பு குனிந்தது. எழுதுகிற சத்தமும் சாரல் சத்தமும் மட்டும் இருந்தன. பேச்சிமுத்து முதலில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு மாமாவின் மண்டி வாசலில் வாழைமரம் கட்டியிருப்பது தெரிந்தது. நாதஸ்வரம்கூட லேசாகக் கேட்டது.

தாள்களை வாங்கிப் பார்த்த இன்ஸ்பெக்டர், முதல் தாளிலேயே நின்றார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார்.

"என்ன சார் இது?" என்றார்.

முதல் கணக்கின் கடைசி வரியை எனக்குக் காட்டினார். எக்ஸ் சமம் வாரத்துக்கு உள்ள கிழமை. இன்னொரு தாளில், எக்ஸ் சமம் சப்தரிஷி மண்டலம். இரண்டாவது கணக்குக்குச் சிலர் பஞ்ச பாண்டவர் என்றும், சிலர் குற்றாலத்தில் ஒரே பாறையில் பிரிந்து விழும் அருவி என்றும் எழுதியிருந்தார்கள். மூன்றாவது கணக்கின் பன்னிரண்டுக்கு, மேலத்தெரு ஞானராஜ் இயேசுநாதரின் சீடர்களை எழுதியிருந்தான். மற்றவர்கள் மாதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு தாளிலும் கடைசி வரியில் ஓர் எண் இல்லை. வாழைமரம் சாய்ந்தது. நாதஸ்வரம் நின்றது.

இன்ஸ்பெக்டர் பேச்சிமுத்துவை எழுப்பினார். ஏழு என்று தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"பேரச் சொன்னா மரியாதை இல்லன்னு சார் சொல்லிருக்காக" என்றான் அவன். பிறகு, பெரிய மனிதரின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, "நீங்க கண்டுபிடிச்சிருவிய சார்" என்று தைரியமும் சொன்னான்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார்.

வேறு வழி இல்லாமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். குத்தாலிங்கத்தின் மனைவி, அவுக, கடைசி வரியை நானே எழுதுகிற வழக்கம், தூக்கத்தில் போட்ட டிக்குகள் எல்லாம். சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் மீசை கொஞ்சம் அசைந்தது. மிச்சத் தாள்களைச் சத்தமாகவே படிக்கத் தொடங்கினார். நான்காவது கணக்கு வந்தது. பூஜ்யத்துக்குப் பாதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை. ஒரு பையன், 'எங்கள் சாருக்கு உள்ள பிள்ளைகள்' என்று எழுதியிருந்தான். அதற்கு இன்ஸ்பெக்டர் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

அடுத்த தாளைப் படிக்க வாயைத் திறந்தவர், படிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார். 'எக்ஸ் சமம் இன்று காலை எங்கள் வீட்டு அரிசிப் பானையில் இருந்தது.'

"யாரம்மா ஆவுடையம்மாள்?"

அவள் எழுந்து நின்றாள்.

"பானையைப் பாத்துட்டுத்தான் எழுதினியா?"

"கழுவிக் கவுத்தி வச்சிருக்கு சார்" என்றாள்.

"உட்காரும்மா" என்றார் அவர்.

அரை மார்க்

"இந்தக் கணக்குக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று என்னைக் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

என் எதிர்காலம் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று தெரிந்தது. தாராளமாகப் போட்டால் கண்டிப்பில்லாதவன். குறைத்துப் போட்டால், நானே கற்றுக்கொடுத்ததற்கு நானே தண்டனை கொடுப்பவன்.

"முழு மார்க் சார்" என்றேன்.

"விதிப்படி?"

விதிப்படி, விடையை எண்ணாக எழுதாததற்கு அரை மார்க் குறைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் நடுவில் சொன்னார். விடை சரிதானே என்றேன் நான். சரி என்று எப்படிச் சொல்வீர் என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கரும்பலகைக்குப் போனேன். "எக்ஸ் இருக்கிற இடத்துல அதப் போட்டுப் பாக்கணும் சார். அந்த மாதிரி ஆறு பானை, கூட ஒன்பது. மொத்தம் ஒன்பதுதான் வருது" என்றேன்.

அவர், "ஆறு பானை" என்று மெதுவாகத் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் நடந்த விவாதம் தரத்தில் மிக உயர்ந்தது. வழிமுறைக்கு எத்தனை, விடைக்கு எத்தனை, ஒரு விவரணை எண்ணுக்குச் சமமாகுமா என்று நாங்கள் மூவரும் பேசினோம். மத்தியான மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்து போனார்கள். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். தலைமையாசிரியர் அரை மார்க்கை இரண்டு தடவை விட்டுக்கொடுத்து, இரண்டு தடவை திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் இன்ஸ்பெக்டரே முழு மார்க் என்று தீர்த்துச் சொல்லி, தாளில் சிவப்பு மையில் எழுதினார். அன்று தலைமையாசிரியர் வீட்டில் அவருக்கு விருந்து. இரண்டு பாயசம். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மென்றுகொண்டே இன்ஸ்பெக்டர் அறிக்கை எழுதினார்.

பிள்ளைகளுக்கு அட்சர கணிதம் புரிந்திருக்கிறது, ஆசிரியர் கடைசி வரியை அவர்களுக்கு விட வேண்டும், வேலையில் உறுதி செய்யலாம். இவ்வளவுதான் அறிக்கை. தலைமையாசிரியர் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக்காட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த இரண்டாவது தடவை எனக்கு இனித்தது. தை மாதம் கல்யாணம்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வதற்கு இரண்டு உண்டு. உவமை நன்றாகப் பிடித்துக்கொண்டால் அதை எங்கே கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கடைசி வரி யார் கையால் எழுதப்படுகிறது என்று பாருங்கள். அது உங்கள் கையாக இருந்தால், பரீட்சை எழுதுகிறவர் நீங்கள். அன்றிலிருந்து இன்றுவரை நான் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்ததில்லை. திருத்தும்போது கடைசி வரியிலிருந்துதான் மேல்நோக்கிப் போகிறேன்.

கல்யாணத்துக்குப் பிந்திய முதல் சாரலில் மனைவியோடு குற்றாலம் போயிருந்தேன். குளித்துவிட்டு ஈரப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். அருவிப்புகை எங்கள் மேல் வந்து வந்து போயிற்று. எங்களுக்குக் கல்யாணம் நடக்கக் காரணமான அந்தக் கதையை ஒரு வரி விடாமல் அவளுக்குச் சொன்னேன். வாழைமரம் சாய்ந்த இடத்தில் சிரித்தாள். ஆறு பானை இடத்தை நான் இரண்டு தடவை சொன்னேன். அரை மார்க் விவாதத்தையும் விருந்தையும் சொல்லி முடித்துவிட்டு, என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள்.

"சரி, அந்தப் பிள்ள அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.